உழவர் தாமே எடுக்கும் குறும்படம்: முதலில் குரல், பிறகு காட்சி

தஞ்சை வட்டாரத்தில் 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியபோது விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் சூட்டினர். ஆடுதுறையில் உருவான அந்த ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி தொடர்ந்து எடுத்துச் சொன்னதால் வந்த பெயர் அது. ரகத்தின் எண் மறந்துபோனவர்களுக்கும் அது காதில் விழுந்த வழி மறக்கவில்லை. அப்போது பேசுபவர் ஒரு பக்கம், கேட்பவர் மறுபக்கம். வானொலி நிலையத்தார் கருவியோடு ஊருக்கு வந்தால்தான் ஒரு விவசாயியின் குரல் பதிவாகும். இன்று ஒலிப்பதிவுக் கருவி, படக் கருவி இரண்டும் செல்போன் வடிவில் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. தன் வயலில் கண்டதைத் தன் வாயால் சொல்லவும், இரண்டு மூன்று நிமிடப் படமாக எடுத்துக் காட்டவும் எந்த விவசாயியும் கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டியது கருவியை இயக்குவது மட்டுமன்று. அது ஒரு வாரத்தில் வந்துவிடும். சொல்ல வேண்டியதை விட்டுவிடாமல் சொல்லும் முறையைக் கற்பதே கடினமான பகுதி.

இதில் நட்டம் வருவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நெல் விதையைத் தரம் பிரிக்க உப்புக் கரைசல் முறை நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் இட்ட முட்டை மேலே மிதந்து 25 பைசா நாணய அளவு வெளியே தெரியும்போது கரைசல் தயார். அதில் விதையைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும். திரட்சியான விதை அடியில் தங்கும். பார்க்க அழகான காட்சி. ஆகவே பலரும் முட்டை மிதப்பதையும் பதர் மிதப்பதையும் படமெடுத்து, அத்துடன் முடித்துவிடுவார்கள். அதற்கு அடுத்த வேலை, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவது. அதில் காட்சிச் சுவை எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய்யாவிட்டால் விதையில் ஒட்டிய உப்பு முளைப்பைக் கெடுக்கும். படத்தைப் பார்த்து அப்படியே செய்தவர் நாற்றங்காலில் திட்டுத் திட்டாக முளைப்பதைக் கண்டு விதை விற்றவரைத் திட்டுவார். படமெடுத்தவர் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. அவர் சொல்லாமல் விட்டதுதான் கெடுத்தது.

யார் சொன்னால் கேட்கிறார்கள்?

அரைகுறைப் படம் இவ்வளவு கெடுதல் செய்வதற்குக் காரணம், விவசாயி சொல்வதை மற்றொரு விவசாயி நம்புவதே. குஜராத்தில் தொலைபேசி வழியாக விவசாயிகள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் குரல் சேவை ஒன்று நடந்தது. அதில் ஒரே வகையான யோசனைகளை விஞ்ஞானிகளின் குரலிலும் விவசாயிகளின் குரலிலும் பதிவு செய்து அனுப்பிப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வின்படி, யாருடைய யோசனையை விரும்புகிறீர்கள் என்று நேரில் கேட்டபோது பலரும் விஞ்ஞானிகளையே சொன்னார்கள். ஆனால் மேலும் விவரம் கேட்டுத் தொலைபேசியை அழுத்தியது விவசாயி குரலைக் கேட்டவர்களில்தான் அதிகம். வேளாண் விரிவாக்கத் துறையினருக்கு இது சற்றுக் கசப்பான செய்தி. இருந்தாலும் பயனுள்ள செய்தி.

கர்நாடகத்தில் 16 கிராமங்களில் இன்னொரு முயற்சி நடந்தது. டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு 2006-ல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது. அது அந்தந்த ஊர் விவசாயிகளையே நடிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் வைத்துக் குறும்படம் எடுத்து, மாலையில் சிறு குழுக்களுக்குக் காட்டியது. அலுவலர் ஊர் ஊராகச் சென்று சொல்லும் வழக்கமான முறையோடு ஒப்பிட்டபோது, புதிய பழக்கங்களைக் கைக்கொண்டவர்கள் ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்ததாக 2009-ல் வெளியான ஆய்வறிக்கை கூறுகிறது. படம் பார்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்விகள் கவனிக்கத்தக்கவை: படத்தில் இருக்கிறவர் பெயர் என்ன, எந்த ஊர்? தன்னைப் போல ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவரா, பண்ணைக்காரரா என்று தெரிந்துகொண்ட பிறகே மற்றதைக் கேட்கிறார்கள்.

குரலில் தொடங்குதல்

படம் எடுக்கக் கற்க விரும்புகிறவர்கள் முதல் ஒரு மாதம் படமே எடுக்காமல் இருப்பது நல்லது. குரலை மட்டும் பதிவு செய்து பழக வேண்டும். காட்சி இருந்தால் "இதோ பாருங்கள், இப்படித்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குரலில் அந்த வசதி இல்லை. எவ்வளவு, எப்போது, எத்தனை நாள், எந்த நிறம் என்று சொல்லியே ஆக வேண்டும். 'இவ்வளவு' என்று கையால் காட்டிப் பேசும் பழக்கம் தன்னிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது, முதல் பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்கும்போதுதான் தெரியும்.

அப்படிக் கேட்கும்போது ஏறக்குறைய எல்லாருக்கும் தங்கள் குரல் பிடிக்காமல் போகும். அதற்காக விட்டுவிடக் கூடாது. பேசும்போது ஒருவர் தம் குரலைக் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறார். பதிவில் காற்று வழியாக வந்தது மட்டுமே இருக்கும். மற்றவர்கள் எப்போதும் கேட்டுவரும் குரல் அதுதான். அவர்களுக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது.

முதல் பயிற்சிக்கு மூன்று நிமிடம் போதும். பொருள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 'நெல் சாகுபடி' என்பது மூன்று நிமிடத்துக்குரிய பொருள் அன்று. 'போன சம்பாவில் நாற்று ஏன் பழுத்தது' என்பது பொருள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 100 சொற்கள் வரும். ஆக மூன்று நிமிடத்தில் 300 சொற்களுக்கு மேல் இடமில்லை. எழுதிவைத்துப் படித்தால் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். நான்கு குறிப்புகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, எதிரில் ஒருவரை உட்காரவைத்து அவரிடம் சொல்வது போலப் பேச வேண்டும். ஊர் வழக்கில் பேசுவதே நல்லது. கருக்காய் என்றோ சாவி என்றோ தம் ஊரில் எதைச் சொல்வார்களோ அதையே சொல்லலாம். வேற்று வட்டாரத்தார் கேட்பார்கள் என்றால் மற்றொரு பெயரையும் ஒரு தடவை சேர்த்துக்கொண்டால் போதும்.

பதிவு செய்யும் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வாய்க்கும் செல்போனுக்கும் இடையே ஒரு சாண் தூரம் போதுமானது. நேராக வாய்க்கு எதிரே வைத்தால் மூச்சுக் காற்று பட்டுப் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வந்துசேரும் ஒலியின் வலு நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே பத்தடி தள்ளி நின்று எடுத்த படத்தில் பேச்சு கேட்காமல் மோட்டார் சத்தம் மட்டும் கேட்பதில் வியப்பில்லை. பழைய இயர்போன் ஒன்று இருந்தால் அதன் கம்பியில் உள்ள மைக்கைச் சட்டைப் பொத்தான் அருகே குத்திக்கொள்ளலாம். காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். காலியான கான்கிரீட் அறையில் குரல் எதிரொலிக்கும். நெல் மூட்டை அடுக்கிய அறை இதற்கு மிகவும் உகந்தது. மூட்டைகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். செல்போனை விமானப் பயண நிலையில் வைத்தால் பதிவின் நடுவே அழைப்பு வராது.

கேட்டு வாங்குதல்

தான் பேசிப் பழகிய பிறகு, மற்றவரைப் பேசவைத்துப் பதிவு செய்யப் பழக வேண்டும். இது இன்னும் சிரமமானது. ஊரில் அனுபவம் உள்ளவர்களில் பாதிப் பேர் கருவியைக் கண்டதும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் ஆமாம், இல்லை என்று நிறுத்திக்கொள்வார்கள். கேள்வியின் வடிவத்தில்தான் பதில் இருக்கிறது. "பெரியம்மா, உப்புத் தண்ணியில வெதய போட்டா நல்லதுதானே?" என்று கேட்டால் "ஆமாம்பா, நல்லதுதான்" என்பதோடு முடிந்தது. "பெரியம்மா, போன வருஷம் உப்புத் தண்ணியில வெத போட்டீங்களே, அன்னிக்குக் காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டால், "அத ஏன்பா கேக்குற, மொதல்ல முட்டையே கெடைக்கல, கடையில வாங்குன முட்ட பச்சத் தண்ணியிலயே மெதந்துச்சு" என்று தொடங்குவார். வேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பதிலில் உள்ள நுட்பம் பலருக்குத் தெரியாது. முட்டை பழையதாக ஆக அதன் உள்ளே காற்றறை பெரிதாகும். நாள்பட்ட முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட முட்டையை நம்பி உப்பைக் குறைவாகக் கரைத்தால் கரைசலின் அடர்த்தி போதாது. கருக்காயும் அடியில் தங்கிவிடும். எனவே முட்டையை முதலில் நல்ல தண்ணீரில் இட்டு, அது முழுகிக் கிடையாகப் படுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் படத்திலும் எளிதில் காணக் கிடைக்காத இந்தச் செய்தி ஒரு நல்ல கேள்வியால் கிடைக்கிறது.

கேட்பவர் செய்யும் பெரிய தவறு, பதில் முடிவதற்குள் "சரி, சரி" என்று இடையில் புகுவது. ஒருவர் பேசி நிறுத்தியதும் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருந்தால், பெரும்பாலும் அவரே மேலும் ஒன்றைச் சொல்வார். செலவும் தோல்வியும் அந்த இடத்தில்தான் வெளிவரும்.

காட்சிக்கு வருதல்

குரல் பதிவு சரியாக வந்துவிட்டால் படத்தில் பாதி வேலை முடிந்ததுபோல. குரலைக் கேட்டுப் பார்த்து, எந்த எந்த இடத்தில் சொல்லால் விளங்கவில்லையோ அந்த இடத்துக்கு மட்டும் காட்சி எடுத்தால் போதும். 25 பைசா அளவு என்று குரலில் சொன்னால் இளைஞருக்கு விளங்காது. அந்த நாணயம் 2011-ல் செல்லாததாகிவிட்டது. அதன் விட்டம் 19 மில்லிமீட்டர். இப்போதுள்ள ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது. முட்டையின் வெளியே தெரியும் பகுதிக்கு அருகில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக் காட்டினால் பேச்சே தேவையில்லை. மாறாக, 'உப்புக்கு என்ன செலவு, எவ்வளவு நேரம் பிடித்தது' என்பதற்குக் காட்சி வேண்டியதில்லை. பேசுபவர் முகம் போதும்.

உப்புக் கரைசல் முறையைப் படமெடுப்பதானால் காட்சிகள் ஏறத்தாழ இந்த வரிசையில் வரும். முட்டை நல்ல தண்ணீரில் முழுகிக் கிடப்பது. உப்பைக் கைப்பிடி கைப்பிடியாக இட்டுக் கலக்குவது. முட்டை எழும்பி மிதப்பது, அருகில் நாணயம். விதையைச் சிறிது சிறிதாகக் கொட்டுவது. ஒரேயடியாகக் கொட்டினால் கருக்காய் நல்ல விதைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கையால் கிளறி மிதப்பதை அரித்து எடுப்பது. அடியில் தங்கிய விதையை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அலசுவது, முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. இந்த மூன்றையும் சுருக்காமல் காட்ட வேண்டும். பிறகு மிச்சமான உப்புத் தண்ணீரை நாற்றங்காலிலோ வரப்போரத்திலோ கொட்டக் கூடாது என்று ஒரு வார்த்தை.

ஒவ்வொரு காட்சிக்கும் செல்போனை அசைக்காமல் பத்து விநாடி பிடித்தால் போதும். வயலைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவது பார்ப்பவருக்குத் தலைசுற்றலைத் தரும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டோ, மண்வெட்டிக் காம்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டோ எடுத்தால் ஆடாது. பூச்சி, முட்டைக் குவியல் முதலிய சிறு பொருள்களைக் காட்ட விரலால் திரையைப் பெரிதாக்கக் கூடாது, படம் மங்கும். நடந்து கிட்டப் போக வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் வெளிச்சம் நன்றாக இருக்கும். நண்பகலில் தலைப்பாகையின் நிழல் முகத்தை மறைத்துவிடும். ஊரில் தொலைக்காட்சியிலோ திரையிலோ போட்டுக்காட்டுவதாக இருந்தால் செல்போனைப் படுக்கைவாக்கில் பிடிப்பது நல்லது. 1080 தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடப் படம் பொதுவாக 60 முதல் 130 மெகாபைட் வரை இடம் பிடிக்கும். நினைவக அட்டையில் இடம் இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேசுபவர் தள்ளி நின்றுதான் வேலை செய்ய வேண்டும் என்றால் இரண்டு செல்போன்களைப் பயன்படுத்தலாம். ஒன்றை ஒலிப்பதிவு நிலையில் அவருடைய சட்டைப் பையில் போட்டுவிட்டு மற்றொன்றால் படமெடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தடவை கை தட்டச் சொன்னால், பின்னால் ஒலியையும் காட்சியையும் பொருத்தும்போது அந்தக் கைதட்டல் அடையாளமாகும். இணைப்பதற்குக் கட்டணமில்லாச் செயலிகள் பல உள்ளன. எதைப் பயன்படுத்தினாலும் முதலில் குரலை முழுதாக வைத்து, அதன் மேல் காட்சிகளை அடுக்கும் முறையே எளிது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். அளவைச் சொல்லும் இடத்தில் பாட்டு ஓங்கினால் 5 என்பது 8 ஆகக் காதில் விழும். பாட்டுக்கு உரிமை உள்ளவர்கள் படத்தை எடுத்துவிடச் சொல்லவும் கூடும்.

தெலங்கானாவில் சகீராபாத் அருகே பஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் 1990-களின் இறுதியிலிருந்து படமெடுக்கக் கற்று வருகிறார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2008 அக்டோபர் 15 அன்று அவர்களுடைய சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. படக் கருவியை வைக்கும் உயரங்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். நிலக்காரரும் பண்ணையாளும் ஒருவரையொருவர் மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் பார்வைக்கு ஒவ்வொரு பெயர். கருவியைப் பேசுபவரின் கண் மட்டத்தில் வைத்து எடுப்பதற்குச் சங்கம் ஷாட் என்று பெயர். சங்கத்தில் எல்லாரும் ஒரே தரையில் சமமாக உட்காருவதால். களை எடுக்கும் பெண்ணிடம் கேட்கும்போது வரப்பில் நின்றபடி குனிந்து படமெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாமும் இறங்கி உட்கார்ந்தால் படமும் நன்றாக வரும், அவரும் தாராளமாகப் பேசுவார்.

மூடியும் டேங்கும்

வயலோரப் படங்களில் மிகுதியாக வரும் குற்றம் அளவுகளில்தான். 'டேங்குக்கு 2 மூடி' என்று பூச்சிமருந்தின் அளவைச் சொல்வது பரவலான வழக்கம். கைத்தெளிப்பானில் 10 லிட்டர் டேங்கும் உண்டு, 16 லிட்டர் டேங்கும் உண்டு. மூடியோ ஒவ்வொரு புட்டிக்கும் ஒவ்வொரு அளவு. கேட்பவர் தம் வீட்டுப் புட்டியின் மூடியால் அளந்து ஊற்றினால் பயிர் கருகலாம், அல்லது பூச்சி சாகாமல் செலவு மட்டும் ஆகலாம். 'மா' என்று தஞ்சையில் சொன்னால் 33 சென்ட் என்று அங்குள்ளவர்களுக்கு விளங்கும். கொங்கு நாட்டில் விளங்காது. குழி, படி, மரக்கால் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். எனவே ஊர் அளவையைச் சொல்லிவிட்டு, உடனே ஏக்கர், சென்ட், கிலோ, கிராம், மில்லி லிட்டர் ஆகியவற்றிலும் சொல்ல வேண்டும். எண்களை இரண்டு தடவை சொல்வது வானொலியில் பழைய பழக்கம். "கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ், ஒரு கிலோவுக்குப் பத்தே கிராம்" என்று சொன்னால் ஒரு தடவை தவறியதை மறு தடவை பிடித்துக்கொள்வார்கள்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி அளவுகளைப் பொறுத்தவரை நினைவிலிருந்து சொல்லவே கூடாது. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் படித்து, அந்தச் சீட்டையும் படத்தில் கிட்டத்தில் காட்ட வேண்டும். ஐயம் இருந்தால் வட்டார வேளாண்மை அலுவலரையோ, கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணையோ கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். உறுதியாகாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டியதுதான்.

ஊர், மண், ரகம், பட்டம், தண்ணீர் வசதி, நிலத்தின் பரப்பு, பதிவு செய்த தேதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிட வேண்டும். படத்தின் கீழே எழுதி அனுப்பினால் போதாது. வாட்ஸ்ஆப்பில் கைமாறிப் போகும்போது எழுத்து ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் பிரிந்துவிடும். குரலில் சொன்னது மட்டுமே கூடவே போகும். காவிரிப் பாசனத்தில் புரட்டாசியில் செய்த வேலையை, தேதி தெரியாமல் வேறொருவர் மானாவாரி நிலத்தில் தையில் செய்து பார்க்க இடம் வைக்கக் கூடாது. செலவுக் கணக்கில் சொந்த வீட்டாட்களின் உழைப்பையும் கூலியாகப் போட்டுச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு 'செலவே இல்லை' என்று சொல்லும் படங்கள் கூலியாள் வைத்து வேலை செய்பவரை ஏமாற்றும்.

தோல்வியைச் சொல்லக் கூச்சப்படுவது இயல்பு. சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், கடன் கொடுத்தவர் பார்ப்பார். அப்படியிருந்தால் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி எடுக்கலாம். குரலில் மட்டும் கொடுக்கலாம். அலசாமல் விதைத்து நாற்றங்கால் கெட்டவர் ஒருவர் சொல்லும் ஒரு நிமிடம், நல்ல விளைச்சல் எடுத்தவர் சொல்லும் பத்து நிமிடத்தைவிட அதிகம் பயன்படும்.

யாருக்குக் காட்டுவது, எப்படி?

படம் எடுக்கப்பட்டவர்தான் முதலில் பார்க்க வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடுத்த ஃபோகோ தீவில் 1967-ல் மீனவர்களை வைத்துப் படச்சுருள்கள் எடுக்கப்பட்டன. தீவைவிட்டு மக்களை வெளியேற்றுவதா என்ற பேச்சு இருந்த காலம் அது. படங்களை வெளியாருக்குக் காட்டும் முன்பு தீவு மக்களுக்கே போட்டுக்காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். ஒரே தீவில் ஊருக்கு ஊர் ஒட்டுறவு இல்லாமல் இருந்தவர்கள், மற்ற ஊர்க்காரர்களும் தங்களைப் போலவே பேசுவதை அந்தப் படங்களில் கண்டார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைந்ததில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. மக்கள் தீவிலேயே தங்கினார்கள். ஒப்புதல் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று. 'அது அப்படியில்லைப்பா' என்று அவர் திருத்துவதும் அந்த வேளையில்தான்.

பிறகு பக்கத்து வயல்காரர்கள் எட்டுப் பத்துப் பேரைத் திண்ணையில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். முழுதும் ஓடவிடாமல் இரண்டு இடத்தில் நிறுத்தி, 'அடுத்தது என்ன செய்யணும்?' என்று கேட்டால் எது விளங்கவில்லை என்று தெரிந்துவிடும். 1956-ல் யுனெஸ்கோ உதவியுடன் பூனா வட்டாரத்தில் ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைத்தபோதும், வாரம் இருமுறை நிகழ்ச்சி கேட்டதோடு விடாமல் உடனே கூடிப் பேசவைத்தார்கள். அப்படிப் பேசிய ஊர்களில்தான் செய்தி நன்றாகத் தங்கியது.

கூட்டத்துக்கு வராதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் பெண்கள் நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்கும் முறையைப் பற்றி, அந்நாட்டுப் பெண்களை வைத்தே படம் எடுக்கப்பட்டது. பயிற்சி முகாம் எட்டிய பெண்கள் 27 சதவீதம். படம் எட்டியவர்கள் 74 சதவீதம் என்று 2009-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. முகாமுக்கு அழைக்கப்படுகிறவர்கள் ஊரில் செல்வாக்குள்ளவர்களாகவே இருப்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். ஊர்ப் பொது இடத்தில் இரவில் படம் போட்டால் யாரும் வந்து பார்க்கலாம். நாற்றுப் பறிக்கும் பெண்கள் வேலை முடிந்து சமைத்துவிட்டு வரும் நேரத்தைப் பார்த்து வைத்தால்தான் அவர்களும் வருவார்கள். விதையை அலசும் வேலை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அருகில் சமுதாய வானொலி இருந்தால் குரல் பதிவை அங்கே கொடுக்கலாம். 2006-ம் ஆண்டு முதல் வேளாண் பல்கலைக்கழகங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் அத்தகைய நிலையங்களை நடத்த அனுமதி உண்டு. அகில இந்திய வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளுக்கும் எழுதிக் கேட்கலாம். வெட்டி ஒட்டிய படத்தோடு மூலப் பதிவையும் அழிக்காமல் ஒரு நினைவக அட்டையில் வைத்திருந்தால், பின்னால் பிழை கண்டால் திருத்தி மறுபடி வெளியிட முடியும். திருத்திய பதிவில் பழையதில் என்ன தவறு என்பதையும் சொல்ல வேண்டும்.

உப்புக் கரைசல் படத்தைப் பொறுத்தவரை, விதையை அலசிய அன்றே அது முடிந்துவிடவில்லை. கரைசலில் அடியில் தங்கிய விதையிலிருந்து அலசிய விதை 100, அலசாத விதை 100 எடுத்துத் தனித்தனியாக ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து வந்து, ஏழாம் நாள் இரண்டையும் பிரித்துச் செல்போன் முன்னாலேயே முளைத்தவற்றை எண்ண வேண்டும். வரும் எண்கள் எதுவானாலும் அவற்றையே வாயால் சொல்லி, அந்தக் காட்சியைக் கடைசியில் சேர்த்த பிறகு படத்தை அனுப்பலாம்.